மீன்களுக்கு விடியாத மதியம்

6

அடிதான் முதலில் வந்தது. கேள்வி அதற்குப் பிறகு நிதானமாக வந்து சேர்ந்தது.

"லூர்துநாதன் எங்கன?"

கர்ணன் தரையிலிருந்து தலையைத் தூக்கினான். வாயில் மண்ணும் ரத்தமும் கலந்து கிடந்தன. நாக்கின் நுனியால் பற்களைத் தடவிப் பார்த்து, கடைவாயில் ஒன்று ஆடுவதைத் தெரிந்துகொண்டான்.

"கேள்வியக் கேட்டுட்டு அடிக்கிறதுதான்ணே ஊர் வழக்கம்," என்றான். "நீங்க பரீட்சைக்கு முன்னாலயே மார்க்கு போட்டுட்டீக."

அடுத்த உதை விலாவில் விழுந்தது. கர்ணன் திராட்சைப் பந்தலின் கல்தூணில் போய் மோதிச் சுருண்டான். மேலே கம்பிகளில் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. மருந்தடித்த வெள்ளைப் பொடி அவன் முகத்தில் உதிர்ந்தது.

உதைத்தவன் ஆரோக்கிய பிரபு. கொலையுண்ட அருண் ஜோசப்புக்கு அண்ணன். அவன் வலது கையில் வாழைத்தார் வெட்டும் நீள அரிவாள் இருந்தது. தீட்டிய வாய் புதுப் பாத்திரம்போல மின்னியது. அவனுக்குப் பின்னால் இரண்டு பங்காளிகள் நின்றார்கள். ஒருவன் தடியன், ஒருவன் ஒல்லி. இருவரும் நேற்றிலிருந்து தூங்காத கண்களோடு இருந்தார்கள்.

நேற்று மதியம் நடந்தது கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்த கதை. கம்பத்துக்கும் சுருளிப்பட்டிக்கும் நடுவே, திராட்சைத் தோட்டங்களுக்கு மத்தியில் ஒரு தனியார் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. டாக்டர் சுந்தரலிங்கம் நடத்துவது. வரிக்குதிரை மீன் என்று ஒரு பொடி மீனை ஆயிரக்கணக்கில் வளர்த்து, அதன் நெஞ்சைக் கீறி, இதயத்தில் வெட்டுப் போட்டு, மருந்து கொடுத்துப் பார்க்கிற இடம். அங்கே வேலை பார்த்த அருண் ஜோசப்பை மீன் அறைக்குள்ளேயே யாரோ கடப்பாரையால் அடித்து, தேங்காயைப் போல மண்டையைப் பிளந்திருந்தார்கள். கடப்பாரை பக்கத்துத் தோட்டக்காரர் லூர்துநாதனுடையது. கழிவுத் தண்ணீர் என் திராட்சைக் கொடிக்காலில் பாய்கிறது என்று முந்தின நாள்தான் அவர் அதே கடப்பாரையால் ஆராய்ச்சிக்கூடத்துக் குழாயை உடைத்து, அருண் ஜோசப்போடு மல்லுக்கட்டி, கோபத்தில் கடப்பாரையை அங்கேயே வீசிவிட்டுப் போனார். அவர் அடித்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சுந்தரலிங்கமே சொல்லிவிட்டார்.

அந்த நேரத்திலிருந்து லூர்துநாதனை இரண்டு தரப்பு தேடியது. போலீஸ் விலங்கோடு தேடியது. ஆரோக்கிய பிரபு அரிவாளோடு தேடினான்.

இதில் கர்ணனுக்கு என்ன வேலை என்றால், இன்று காலை லூர்துநாதனின் மனைவி பிலோமினா பழனிசெட்டிபட்டியில் இருக்கிற ஞானசெல்வி துப்பறியும் நிலையத்துக்கு வந்து, "அவுக கோவக்காரரு, கொலைகாரரு இல்ல," என்று அழுதாள். அவர் ஒளிந்திருந்த மோட்டார் அறையைச் சொன்னாள். அவரை அங்கிருந்து எடுத்துப் பத்திரமாக வக்கீலிடம் சேர்ப்பதுதான் கர்ணனுக்கு இடப்பட்ட வேலை. முன்பு கம்பமெட்டு மலைப்பாதை ஏறி ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போன ஜீப் டிரைவர் அவன். ஆளைச் சாக்குமூட்டையோடு மூட்டையாக அடைப்பது அவனுக்குக் கைவந்த கலை.

லூர்துநாதன் இப்போது அந்த ஜீப்பின் பின்பகுதியில், வெற்று ஏலக்காய்ச் சாக்குகளுக்கும் தார்ப்பாய்க்கும் அடியில் மூச்சடக்கிக் கிடந்தார். ஜீப் பத்தடி தள்ளி நின்றது. அந்தப் பக்கம் கண் போய்விடக் கூடாதே என்று கர்ணன் அரிவாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அதுவும் பார்ப்பதற்கு அத்தனை சுகமாக இல்லை.

"கடைசியா கேக்குறேன்," என்று ஆரோக்கிய பிரபு அரிவாளின் நுனியைக் கர்ணனின் காதுமடலில் வைத்தான். சூடாக ஒரு கோடு கழுத்தில் இறங்கியது. "அந்தாள எங்கன வச்சிருக்க?"

"தம்பி, அவன அறுத்தா ஜோக்குத்தான் வரும். பதில் என்கிட்ட இருக்கு."

வரப்பில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஞானசெல்வி வந்துகொண்டிருந்தாள். நரை விழுந்த கொண்டை, காட்டன் சேலை, தோளில் ஒரு ரெக்சின் பை. ஒரு காலத்தில் காப்பீட்டுக் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள். யாருடைய முகத்தையும் முழுசாக நம்பாத கண்கள் அப்போதிலிருந்தே அவளுக்கு உண்டு.

"யக்கா, ஒதுங்கிக்கங்க," என்றான் ஆரோக்கிய பிரபு. "பொம்பளைக மேல கை வைக்க மாட்டோம்."

"வைக்க வேணாம். காத மட்டும் குடு. நேத்து வரைக்கும் லூர்துநாதன நீ என்னன்னு கூப்பிட்ட?"

அவன் அரிவாளையே பார்த்தான். ஒல்லிதான் சொன்னான். "மாமான்னு."

"அந்த மாமாவ வெட்டிட்டு நீ செயிலுக்குப் போயிருவ. அப்புறம் நெசமாக் கொன்னவன் வேற ஆளுன்னு தெரிஞ்சா, யார வெட்டுறது? செயிலுக்குள்ள இருந்து கை எட்டுமா?"

"பாத்த ஆளு இருக்காருக்கா. டாக்டரே சொல்றாக."

"அதத்தான் இப்பப் போய்ப் பாக்கப் போறேன். நீயும் வா. பொழுது சாயுறதுக்குள்ள உன் தம்பியக் கொன்னவன உன் கண்ணு முன்னால நிறுத்துறேன். முடியலன்னா லூர்துநாதன நானே உன் கையில ஒப்படைக்கிறேன். மாதா மேல சத்தியம்."

கர்ணனுக்கு அடிபட்ட விலாவைவிட அந்தச் சத்தியம்தான் அதிகம் வலித்தது. சாக்குக்கு அடியில் கிடக்கும் ஒரு தலையை இவள் பந்தயத்தில் வைத்துவிட்டாள். அந்தத் தலை அதைக் கேட்டுக்கொண்டும் இருந்தது.

ஆரோக்கிய பிரபு பந்தலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தான். பிறகு கர்ணனின் காதிலிருந்து அரிவாளை எடுத்தான்.

"பொழுது சாயுற வரைக்கும்தான். உங்க ஆளு ஜீப்புலயே வர்றோம்."

அவன் முன்னிருக்கையில் ஏறி அரிவாளை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டான். பங்காளிகள் இருவரும் பின்னால் தாவி ஏறி, தார்ப்பாய் மூடிய மூட்டையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார்கள்.

கர்ணன் கண்ணை மூடித் திறந்தான். மூட்டை முனகவில்லை.

"என்னப்பா, மூட்டை கல்லு மாதிரி இருக்கு," என்றான் தடியன்.

"ரெண்டாம் தர ஏலக்கா. அப்பிடித்தான் இருக்கும்," என்று கர்ணன் கிளட்சை மிதித்தான். "அசையாம உக்காருங்க. நசுங்கினா வெல போகாது."

சாலையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் மனசுக்குள் லூர்துநாதனிடம் மன்னிப்புக் கேட்டான்.

ஆராய்ச்சிக்கூடத்தின் எதிரே திராட்சை ஜூஸ் விற்கும் ஓலைக்கடையில் பெனிட்டா காத்திருந்தாள். அருண் ஜோசப்போடு வேலை பார்த்த ஆராய்ச்சி மாணவி. அழுது வீங்கிய முகம். வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் பழுப்பாகக் காய்ந்த ஒரு கறை இருந்தது. யாருடைய ரத்தம் என்று கர்ணன் கேட்கவில்லை. ஆரோக்கிய பிரபுவைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றாள். அவன் தலையை மட்டும் அசைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

"நடந்த அறையப் பத்திச் சொல்லும்மா," என்றாள் ஞானசெல்வி.

"அத ராத்திரி ரூம்னு சொல்லுவோம்க்கா. ஜீப்ரா மீனு, விடியிறப்பத்தான் முட்ட போடும். இருட்டுல இருந்து வெளிச்சம் வந்தாப் போதும், கொஞ்ச நேரத்துல போட்டுரும். எங்களுக்கு முட்டை சாயங்காலம் வேணும். அதனால அந்த ரூமுல மட்டும் பகல ராத்திரி ஆக்கி வச்சிருக்கோம். ஜன்னலு கெடையாது. வாசல்ல கறுப்புத் திரை. சாயங்காலம் டைமர் லைட்டப் போடும். அதுவரைக்கும் யாரு உள்ள போனாலும் மங்கலா செவப்பு டார்ச்சுதான். அது மீனத் தொந்தரவு பண்ணாது. லைட்டு சுவிட்சத் தொட்டா அன்னைக்கு வேலையே போச்சு."

"பொட்டிப்புரத்துல நியூட்ரினோ ஆராய்ச்சிக்கு மலையக் குடையப் போறாகன்னாக," என்றான் கர்ணன். "இங்கன ராத்திரியவே குடைஞ்சு வச்சிருக்கீக."

"நேத்து நீ எப்பம்மா உள்ள போன?"

"கம்பத்துக்குச் சாப்பிடப் போயிருந்தேன். வரயில வாசல்ல போலீஸ் ஜீப்பு நின்னுச்சு. டாக்டர் சாரு முன்னால போய்ப் பூட்டத் தெறந்து, திரைய விலக்கி உள்ள போனாக. பின்னால போலீஸு. அதுக்கும் பின்னால நான். லைட்டு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அருண்…" அவள் கன்னத்தைக் கோட்டின் கையால் துடைத்தாள். "எல்லாரும் அவனச் சுத்தி நின்னாக. எனக்கு அங்க பாக்க முடியல. தொட்டியப் பாத்தேன். நானும் அவனும் காலையில ஜோடி சேத்து வச்ச மீனு. முட்ட விழுந்துக்கிட்டிருந்துச்சு. அவன் கடைசியாச் செஞ்ச வேலை அது. விட மனசு வரல. எடுத்துட்டுப் போய் மைக்ராஸ்கோப்புல வச்சேன். அழுதுக்கிட்டே போட்டோவும் எடுத்துட்டேன். கை பழக்கம்க்கா. என்னையே எனக்குப் பிடிக்கல."

அவள் செல்போனை நீட்டினாள். திரையில் கண்ணாடிக் குமிழி போன்ற முட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே ஓர் உருண்டை.

"இது எப்படி வளரும்?"

"ஒண்ணு ரெண்டாகும். ரெண்டு நாலாகும். நாலு எட்டு. சட்டு சட்டுன்னு பிரியும். ரெண்டு மணி நேரம் போனா கொத்தா நிக்கும்."

"பன்னீர் திராட்சை மாதிரி," என்று கர்ணன் எட்டிப் பார்த்தான். "இது இன்னும் ஒத்தத் திராட்சையா இருக்கு."

ஞானசெல்வி அந்தப் படத்தைப் பார்த்தபடியே இருந்தாள். குடிக்காமல் வைத்த ஜூஸில் ஈ விழுந்தது. அவள் கவனிக்கவில்லை.

"சாரு போலீஸுக்குக் குடுத்த வாக்குமூலம் உனக்குத் தெரியுமா?"

"இல்லக்கா. அவுக தனியாப் பேசினாக."

"ம்," என்றாள் ஞானசெல்வி. போனை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அடுத்து உத்தமபாளையம் சப்-இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு, ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கொஞ்சம் வர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டாள். பிறகு கர்ணனைக் கூர்ந்து பார்த்தாள்.

"கர்ணா. உள்ள போனதும் உன் கைய அது போக்குல விட்டுரு."

"யாரயாவது அடிக்கணுமா யக்கா?"

"அது போக்குலன்னு சொன்னேன்."

அவனுக்கு விளங்கவில்லை.

சுந்தரலிங்கம் வாசலுக்கே வந்து வரவேற்றார். நெற்றியில் பிளாஸ்திரி. லூர்துநாதன் தள்ளிவிட்டு ஓடியதில் சுவரில் மோதிய காயம் என்றார். கழுத்தில் பட்டு நூலில் கட்டிய சின்ன டார்ச் ஒன்று பதக்கம்போலத் தொங்கியது. ஆரோக்கிய பிரபுவின் கையில் அரிவாளைக் கண்டதும் முகம் வெளுத்து, உடனே சுதாரித்து, அவன் தோளைத் தொட்டார்.

"பிரபு, உன் தம்பி எனக்குப் பிள்ளை மாதிரிப்பா."

"அவன் விழுந்த எடத்தப் பாக்கணும் சார்," என்றாள் ஞானசெல்வி.

"தாராளமா. மெதுவா வாங்க. மீனு தூங்குற நேரம்."

இரும்புக் கதவைத் தாண்டிக் கறுப்புத் திரை. திரையைத் தாண்டியதும் வெயிலடித்த உலகம் அப்படியே அறுந்து போனது. அறை கும்மிருட்டாகவும் புழுக்கமாகவும் இருந்தது. பம்பு ஒன்று ஓயாமல் உறுமியது. சுந்தரலிங்கத்தின் டார்ச்சிலிருந்து சிவப்பு வெளிச்சம் தரையில் வட்டமாக விழுந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்குகள், அடுக்கு நிறைய நீர்த்தொட்டிகள். தொட்டிக்குள் சுண்டுவிரல்கூட இல்லாத மீன்கள் வாலை மட்டும் அசைத்து நின்றன. தரையில் சுண்ணாம்புக் கோடு. அதற்குள் கறுத்த கறை. சிவப்பு வெளிச்சத்தில் ரத்தத்துக்கென்று தனி நிறம் இல்லாமல் போயிருந்தது.

ஆரோக்கிய பிரபு அந்தக் கறையின் முன் குந்தி உட்கார்ந்தான். பங்காளிகள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பெனிட்டா திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து நடந்தத இவனுக்கு ஒரு தடவ சொல்லுங்க சார்," என்றாள் ஞானசெல்வி. "உங்க வாயால கேக்கணும்ல."

"என்னத்தச் சொல்ல. சாப்பிட்டுட்டு இந்தப் பக்கம் வந்தேன். திரை வெலகி, உள்ள பளிச்சுன்னு லைட்டு எரிஞ்சுது. லூர்துநாதன் கடப்பாரைய ஓங்கி இறக்குறான். முகத்த நல்லாப் பாத்தேன். சத்தம் போட்டதும் என்னத் தள்ளிட்டு ஓடிட்டான். எதையும் தொடல. அப்பிடியே கதவப் பூட்டிட்டு போலீஸுக்குப் போன் போட்டேன். அவுக வர்றதுக்குள்ள ரெண்டு மணி நேரம் ஆயிப்போச்சு."

"லைட்டு அதுவரைக்கும் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சா?"

"எரிஞ்சுது."

எந்த அறைக்குள் நுழைந்தாலும் சுவிட்சைத் தேடுவது கர்ணனின் கைக்குப் பிறவி வியாதி. நடுப்பகலிலும் போடுவான். ஆபீஸ் கரண்ட் பில்லைக் கட்டும் ஞானசெல்வி அதற்காகத் திட்டாத நாள் கிடையாது. இந்த இருட்டில் அவன் கைக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவரைத் தடவிப் போய், பிளாஸ்திரி ஒட்டி மறைத்திருந்த ஒரு சுவிட்சைக் கண்டுபிடித்துவிட்டது.

"லைட்டப் போடாத!"

குரல் சாட்டையாக விழுந்தது. சுந்தரலிங்கம் பாய்ந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். அந்த வயதுக்கும் உடம்புக்கும் ஒவ்வாத வேகம்.

கர்ணன் மணிக்கட்டை உருவப் பார்த்தான்; பிடி இறுகியது.

"ஏன் சார்?" என்றாள் ஞானசெல்வி மெல்ல.

"ஜோடி போட்டு வச்சிருக்கு. வெளிச்சம் பட்டா இப்பவே முட்ட போட்டுரும். எல்லாம் வீணாப் போகும்."

"நேத்தும் ஜோடி போட்டு வச்சிருந்துச்சே. நேத்து பளிச்சுன்னு எரிஞ்ச லைட்ட மட்டும் ரெண்டு மணி நேரம் விட்டுட்டுப் போயிட்டீகளே."

சுந்தரலிங்கம் கர்ணனின் கையை விட்டார். சிவப்பு வெளிச்சத்தில் அவர் வாய் மட்டும் தெரிந்தது.

"ஒரு மனுஷன் செத்துக் கெடக்கான். மீனப் பத்தி எவனுக்குக் கவலை?"

"உங்களுக்கு இல்ல, சரி. மீனுக்கு இருந்திருக்கே."

அவள் பையிலிருந்து போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்தாள். கண்ணாடிக் குமிழிகள் இருட்டில் ஒளிர்ந்தன.

"பெனிட்டா, போலீஸோட உள்ள வந்து நீ எடுத்த முட்டை இது. இந்த ரூமுல அதுக்கு முன்னாலயே ரெண்டு மணி நேரமா லைட்டு எரிஞ்சிருந்தா, இது எப்பிடி இருந்திருக்கணும்?"

பெனிட்டாவின் கை திரையில் இறுகியது.

"கொத்தா இருந்திருக்கணும்க்கா," என்றாள். "இது அப்பத்தான் போட்டது. அப்பன்னா… போலீஸு வர்ற வரைக்கும் இங்க வெளிச்சமே வரல."

"ஒரு நிமிஷம்கூட வரல. வந்திருந்தா மீனு அப்பவே போட்டிருக்கும். பூட்டத் தெறந்து முன்னால உள்ள போனது நீங்கதான் சார். சுவிட்சப் போட்டதும் நீங்கதான். மீனுக்கு விடிஞ்சதே அப்பத்தான்." ஞானசெல்வி ஆரோக்கிய பிரபுவின் பக்கம் திரும்பினாள். "தம்பி, லூர்துநாதன் திராட்சக்காரன். அவனுக்கு செவப்பு டார்ச்சும் தெரியாது, மீன் தூக்கமும் தெரியாது. அவன் வந்திருந்தா மொதல்ல லைட்டத்தான் தேடியிருப்பான், நம்ம கர்ணன மாதிரி. கொல பண்றப்பகூட மீனு முழிச்சுரக் கூடாதேன்னு செவப்பு வெளிச்சத்துல பண்ணுன கை எதுன்னு நீயே பாத்துக்க. கொன்னதுக்கு அப்புறம்தான் சாருக்குச் சிக்கல். இந்த இருட்டுல மொகம் தெரியாது. மொகத்தப் பாத்தேன்னு சொல்லணும்னா, லைட்டு எரிஞ்சதாச் சொல்லித்தான ஆகணும்?"

"பைத்தியமா உங்களுக்கு," என்றார் சுந்தரலிங்கம். குரலில் இன்னும் வாத்தியார்த்தனம் மிச்சமிருந்தது. "அவன நான் எதுக்குக் கொல்லணும்?"

"வாலுக்காக," என்றாள் பெனிட்டா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் திரையை விட்டு முன்னால் வந்தாள்.

"மாரடைப்பு வந்த நெஞ்சுல தழும்ப ஆத்துற மருந்துன்னு சொன்னீக. மருந்து குடுத்த மீனுக்கெல்லாம் அருண் வாலுல ஒரு ஓரம் வெட்டி அடையாளம் வச்சிருந்தான். அதுக வரிசையாச் செத்துச்சு. மறுநாள் பாத்தா அதே தொட்டியில முழு வாலோட மீனு நீந்துச்சு. கேட்டதுக்கு வால் வளந்துருச்சுன்னீக. ஜீப்ரா மீனுக்கு வால் வளரும் சார். இதயத்த வெட்டினாக்கூட வளரும். ஆனா ஒரே ராத்திரியில வளராது. செத்ததுக்குப் பதிலா நீங்க வேற மீன விட்டுட்டீக. மருந்த அடுத்து மனுஷங்களுக்குக் குடுக்கப் போறோம்னு நீங்க சொன்னதும், எல்லாத்தையும் வெளிய சொல்லப் போறேன்னான். நேத்து காலையில உங்க ரூமுக்குத்தான் போனான்."

ஆரோக்கிய பிரபு எழுந்தான். அரிவாளும் அவனோடு எழுந்தது.

அதற்குள் சுந்தரலிங்கம் டார்ச்சை அணைத்து, ஞானசெல்வியின் கையிலிருந்த போனையும் தட்டிவிட்டார்.

இருட்டில் தொட்டி ஒன்று சரிந்து உடைந்தது. தண்ணீர் கால்களில் அடித்தது. யாரோ கர்ணனின் மார்பில் முழங்கையால் இடித்தார்கள். அவன் பின்மண்டை அடுக்கில் மோதிக் காதுக்குள் கோயில்மணி அடித்தது. ஞானசெல்வியின் செருப்பு தரையில் வழுக்கும் சத்தம். பிறகு அவள் குரல், வழக்கத்தைவிட நிதானமாக.

"கர்ணா. கழுத்துல கத்தி வச்சிருக்காரு. மீன் நெஞ்சக் கீறுற பொடிக் கத்தி."

"எவனாவது கிட்ட வந்தா இழுத்துருவேன்," என்றார் சுந்தரலிங்கம். "வழி விடுங்க."

கர்ணனின் கை சுவரைத் தேடியது. இந்த முறை யாரும் தடுக்கவில்லை.

குழல்விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணைக் குத்தின. ஞானசெல்வியின் தொண்டையில் ஏற்கெனவே ஒரு சிவப்புக் கோடு விழுந்து, சேலையின் கழுத்தோரம் நனைந்திருந்தது. இத்தனை நாளும் அந்த அறையில் இருட்டிலேயே உலாவிப் பழகிய சுந்தரலிங்கம் கண்ணை இறுக்கி மூடினார். அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது. கர்ணன் பாய்ந்து கத்தி பிடித்த மணிக்கட்டைக் கடித்தான். எலும்பு தட்டுப்படும்வரை கடித்தான். ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல் அங்கேயே கழன்று, சுந்தரலிங்கத்தின் சதையில் நின்றது. அலறல் கேட்டது. கத்தி விழுந்தது. ஞானசெல்வி குனிந்து தன் தலையைப் பின்பக்கமாக அவர் மூக்கில் மோதினாள். மூக்குத்தண்டு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது.

சுந்தரலிங்கம் தண்ணீரிலும் கண்ணாடிச் சில்லுகளிலும் மல்லாந்து விழுந்தார். சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளேயே விழுந்தார். அவரைச் சுற்றிச் சிந்திய மீன்கள் துள்ளின.

"கடப்பாரைய எத்தன தடவ எறக்குன?" என்று கேட்டபடி ஆரோக்கிய பிரபு அவர் மார்பில் காலை வைத்தான்.

"பிரபு, வேணாம்," என்றாள் ஞானசெல்வி கழுத்தைப் பொத்திக்கொண்டு. "போலீஸ் வந்துக்கிட்டிருக்கு."

அவன் கேட்கவில்லை. அரிவாள் உயர்ந்து, விளக்கில் மின்னி, இறங்கியது.

பாதியில் நின்றது.

நிறுத்தியது ஒரு வெறுங்கை. அரிவாளின் வாயை அப்படியே உள்ளங்கையில் வாங்கியிருந்தது. விரலிடுக்குகளில் ரத்தம் கொப்பளித்து முழங்கைவரை ஓடிற்று. கையின் சொந்தக்காரர் ஏலக்காய் வாசனையோடும் சணல் நார் ஒட்டிய தலையோடும் நின்றார்.

தடியனும் ஒல்லியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டாம் தர ஏலக்கா," என்றான் கர்ணன், ரத்தம் துப்பியபடி.

ஆரோக்கிய பிரபு அரிவாளை இழுத்தான். லூர்துநாதன் விடவில்லை. இழுக்க இழுக்க உள்ளங்கை இன்னும் கிழிந்தது. அவர் முகத்தில் வலி தெரிந்தது. பயம் தெரியவில்லை.

"எனக்காகத் தீட்டுன அரிவாளுதான இது," என்றார். "என் ரத்தத்தக் குடிச்சிருச்சு. அதுக்குப் போதும். கீழ போடுடா."

"என் தம்பிய…"

"தெரியும். ஜீப்ப விட்டு எறங்கி வந்து, திரைக்கு வெளிய நின்னு அந்தப் புள்ள சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். குழாய்க்காக அவன்கிட்ட மல்லுக்கட்டுனேன், நெசம். ஆனா அவன் ஞானஸ்நானத்துக்கு மெழுகுவத்தி பிடிச்ச கை இது. நீ இந்தாள வெட்டிட்டுப் போயிட்டா, அவன் எதுக்குச் செத்தான்னு யாரு சொல்றது? இவன் வாயி உசுரோட இருக்கட்டும்."

அரிவாளின் பிடியில் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. இரும்பு தண்ணீரில் விழுந்தது. ஆரோக்கிய பிரபு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தான். சட்டையைக் கழற்றி லூர்துநாதனின் கையைச் சுற்றினான். சுற்றும்போதுதான் நேற்றிலிருந்து வராத அழுகை வந்தது.

"மாமா," என்றான்.

தடியன் சுந்தரலிங்கத்தின் இரண்டு கைகளையும் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தான். ஒல்லி அவசரமாகக் குனிந்து, துள்ளிய மீன்களை உள்ளங்கையில் அள்ளி ஒரு தொட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தான். வெளியே சாலையில் போலீஸ் ஜீப்பின் சத்தம் கேட்டது.

ஞானசெல்வி முந்தானையைக் கழுத்தில் அழுத்தியபடி கர்ணனைப் பார்த்தாள். "பல்லு?"

"ஆதாரத்துல இருக்கு யக்கா. கோர்ட்டுல கேட்டு வாங்கிக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. அவன் தோளில் கையை வைத்து, விழாமல் நின்றாள்.

கர்ணன் சுற்றிலும் பார்த்தான். உடைந்த தொட்டி, ரத்தம் கலந்த தண்ணீர், சுண்ணாம்புக் கோடு. இத்தனை பளிச்சென்று இதையெல்லாம் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் கை ஒரு விளக்கை அணைப்பதற்காகச் சுவிட்சின் பக்கம் போனது.

"வேணாம்ணே," என்றாள் பெனிட்டா.

அவள் ஓரத்துத் தொட்டி ஒன்றின் முன்னால் நின்றாள். உள்ளே ஒரு மீன் இன்னொன்றை விலாவோடு உரசித் துரத்திக்கொண்டிருந்தது. அவற்றுக்குக் கீழே கண்ணாடிப் பொடிபோல ஏதோ மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

"எரியட்டும்," என்றாள். "அதுகளுக்கு விடிஞ்சிருச்சு."